உப்புக்காற்றில் தாங்கும் பூனைத் தட்டு எது? (புதுச்சேரி, கடலூர்க்காரர்கள் சொல்லுங்கள்)

குருசுக்குப்பம் பூனைவீடு

வணக்கம். எங்கள் வீடு குருசுக்குப்பத்தில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி. மூன்று பூனைகள் இருக்கின்றன. இரண்டு நாட்டுப் பூனை, ஒன்று முகம் தட்டையான பெர்சியன். காலையில் உப்புப் போடாமல் வேகவைத்த மீன், மத்தியோ காரப்பொடி மீனோ அன்றைக்குக் கிடைப்பது. சாயங்காலம் கடையில் விற்கும் உலர் தீனி.

செல்லப்பிராணிப் பொருட்கள் விற்கும் கடையில் வாங்கிய எவர்சில்வர் கிண்ணம், அடியில் கறுப்பு ரப்பர் வளையம் மாட்டியது, ஒரு மழைக்காலத்தைக்கூடத் தாண்டவில்லை. ரப்பருக்குக் கீழே பழுப்பாகத் துரு, உள்பக்கம் ஊசி குத்தியதுபோல் சின்னச் சின்னப் புள்ளி. அதற்கு முன்னால் பிளாஸ்டிக் வைத்திருந்தோம், மீன் நாற்றம் ஏறி எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை, ஒரு பூனைக்குத் தாடையில் கறுப்புக் கறுப்பாய் ஏதோ வந்தது. பீங்கான் சாசரில் வைத்தால் பெர்சியன் அதைத் தள்ளிக்கொண்டே சமையலறை முழுக்கச் சுற்றுகிறாள், இரண்டு உடைந்தாகிவிட்டது. வீட்டுத் தட்டையே எடுத்து வைக்கலாம் என்றால் மாமியார் ஒப்புக்கொள்ள மாட்டார், பூனை நக்கின தட்டும் மனுஷர் சாப்பிடும் தட்டும் கலக்கக்கூடாது என்பார், அது நியாயம்தான்.

வருஷக்கணக்கில் உழைக்கிற தட்டு எது? இந்த ஊர்க் காற்றையும் போர் தண்ணீரையும் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

மஞ்சக்குப்பம் பாத்திரக்கடை

அக்கா, நாங்கள் கடலூரில் அப்பா காலத்திலிருந்து பாத்திரக்கடை வைத்திருக்கிறோம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எவர்சில்வர் எல்லாம் ஒன்று இல்லை. சந்தையில் அதிகமாக ஓடுவது மூன்று தரம். 304 என்பதில் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம் சுமாராக இருக்கும். 202 என்பதில் நிக்கல் குறைவு, அதற்குப் பதில் மாங்கனீசு சேர்த்திருப்பார்கள். ஜே4 என்று வருவதில் நிக்கல் 1 சதவீதத்தை ஒட்டித்தான். மூன்றும் புதிதாக இருக்கும்போது ஒரே மாதிரி பளபளக்கும். சேலம், தர்மபுரி மாதிரி கடலில்லாத ஊரில் 202 பாத்திரம் பல வருஷம் ஓடிவிடும். நம் ஊரில் காற்றிலேயே உப்பு, போர் தண்ணீரிலும் உப்பு, இதில் ஜே4 நிற்காது. உங்கள் கிண்ணத்தில் வந்த புள்ளி அதுதான்.

எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பதே அதன் மேல் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும் குரோமியம் ஆக்சைடு படலத்தால்தான். கீறல் விழுந்தாலும் காற்று பட்டால் அந்தப் படலம் தானே மறுபடி உருவாகும். ஆனால் உப்பு அதை அங்கங்கே துளைக்கும், காற்றுப் போகாத இடத்தில் திரும்ப உருவாகவும் முடியாது. ரப்பர் வளையத்துக்கு அடியில் தண்ணீர் நிற்கிறது, உப்பு சேர்கிறது, காற்று இல்லை. அங்கேதான் முதலில் அரிக்கும். இரட்டைச் சுவர் வைத்து ஒட்டிய கிண்ணமும் அப்படித்தான், ஒட்டு விட்டால் உள்ளே தண்ணீர் இறங்கி வெளியே வராது, கொஞ்ச நாளில் நாறும்.

அதனால் என் பதில்: செல்லப்பிராணிக் கிண்ணமே வேண்டாம். பாத்திரக்கடையில் மனுஷருக்கு விற்கும் டிபன் தட்டு, ஒரே தகட்டில் அழுத்தி எடுத்தது, ஒட்டு இல்லாதது, விளிம்பு மடித்தது, கனமானதாகப் பார்த்து வாங்குங்கள். எடைக்குத்தான் விலை போடுவோம், கையில் தூக்கிப் பார்த்தாலே கனம் தெரியும். விளிம்பு மடித்த இடத்தில் இடுக்கு விட்டிருந்தால் அதுவும் வேண்டாம், நகத்தை ஓட்டிப் பாருங்கள். 304 என்று தட்டின் அடியில் அச்சு இருக்கிறதா, ஐஎஸ்ஐ குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். எவர்சில்வர் பாத்திரத்துக்கான இந்தியத் தரநிலை எண் 14756.

லாஸ்பேட்டை

காந்தம் வைத்துப் பார்த்தால் போதுமே? ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் 304. இதற்கு இவ்வளவு பெரிய பாடமா.

மஞ்சக்குப்பம் பாத்திரக்கடை

இல்லை சார், எல்லாரும் இப்படித்தான் சொல்கிறார்கள், அதில்தான் ஏமாறுகிறார்கள். காந்தம் ஒட்டுவது 430 மாதிரி நிக்கலே இல்லாத தரத்தில். 202, ஜே4 இரண்டிலும் காந்தம் ஒட்டாது, 304 மாதிரியே இருக்கும். அதே நேரம் நல்ல 304 தட்டிலேயே அழுத்தி வளைத்த விளிம்புப் பக்கம் காந்தம் லேசாக இழுக்கும். ஆக, காந்தம் இரண்டு பக்கமும் தப்பாகச் சொல்லும். பழைய இரும்புக் கடைக்காரர்கள் சோதனைத் திரவம் ஒரு சொட்டு விட்டு 9 வோல்ட் பேட்டரி வைத்துப் பார்ப்பார்கள், மாங்கனீசு அதிகமுள்ள தகடு சிவக்கும். சந்தேகம் இருந்தால் அப்படிப் பார்க்கலாம்.

316 என்று ஒன்று உண்டு, மாலிப்டினம் 2 சதவீதத்துக்கு மேல் சேர்த்தது, கப்பல் சாமான்களுக்கு உபயோகிப்பது. உப்புக்கு அதுதான் ராஜா. ஆனால் பூனைத் தட்டுக்கு அவ்வளவு செலவு அவசியமில்லை, 304 தட்டைத் துடைத்து வைத்தாலே போதும்.

சுடுமண் வேலை

எவர்சில்வர் பற்றி அண்ணன் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டு மண் பாத்திரத்தைப் பேசாமல் விடுவது எனக்குப் பொறுக்கவில்லை. ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் இங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மண்பாண்டப் பட்டறையைத் தொடங்கினார்கள், அவர்களிடம் கற்றவர்களும் அவர்களைப் பார்த்துத் தொடங்கியவர்களுமாக இன்றைக்கு இந்தச் சுற்றுவட்டாரத்தில், ஆரோவில் பக்கம் குறிப்பாக, ஸ்டோன்வேர் செய்கிற கை நிறைய இருக்கிறது. நானும் அந்த வேலைதான் செய்கிறேன்.

அக்கா உடைத்த சாசர் மெல்லிய பீங்கான். அதை வைத்து எல்லா மண் பாத்திரத்தையும் எடைபோடக் கூடாது. ஸ்டோன்வேர் 1200 முதல் 1300 டிகிரி வரை சுட்டது, மண் இறுகிக் கல்லாகிவிடும், தண்ணீர் குடிக்காது, துருவுக்கு அங்கே வேலையே இல்லை. உப்புத் தண்ணீர், மீன், எலுமிச்சை எதுவும் நல்ல மெருகை, அதாவது மேலே பூசிச் சுட்ட கண்ணாடி மாதிரியான பூச்சை, ஒன்றும் செய்யாது. அடி தடித்த, அகலமான, கரை தாழ்ந்த தட்டாகக் கேட்டால் எந்தக் குயவரும் செய்து தருவார், அந்தக் கனத்தை ஒரு பூனை தள்ளிக்கொண்டு போக முடியாது. எவர்சில்வர் தட்டைத் தரையில் வைத்தால் வழுக்கும், சத்தம் போடும், சத்தத்துக்குப் பயந்து சாப்பிடாமல் ஒதுங்கும் பூனைகளை நான் பார்த்திருக்கிறேன்.

வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். தட்டைத் திருப்பி, மெருகு போடாத அடி வளையத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள், உறிஞ்சினால் நன்றாகச் சுடாத மண். விரல் மூட்டால் தட்டுங்கள், மணிச் சத்தம் வர வேண்டும், மொத்தையாகக் கேட்டால் உள்ளே விரிசல் இருக்கலாம். மெருகுக்குள் வலை மாதிரி மெல்லிய கோடுகள் ஓடினால் உணவுக்கு வேண்டாம், அந்தக் கோட்டுக்குள் மீன் எண்ணெய் இறங்கிவிடும். சந்தையில் வரும் பளீர் மஞ்சள், பளீர் சிவப்பு, குறைந்த சூட்டில் சுட்டது, எங்கே செய்தது என்று தெரியாதது, இவற்றைச் சாப்பாட்டுக்கு வாங்காதீர்கள், மெருகில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. வீட்டில் இருப்பதில் சந்தேகமென்றால் வினிகர் ஊற்றி ராத்திரி முழுக்க வைத்துப் பாருங்கள், நிறம் மங்கினால் அந்த மெருகு நிலையானது இல்லை. மங்காவிட்டால் ஈயமே இல்லை என்று அர்த்தமாகாது, அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதுநகர் துறைமுகம்

அப்போ வில்லியனூர் சுடுமண் கிண்ணம்? என்னிடம் இரண்டு இருக்கிறது, அழகாக இருக்கும். புவிசார் குறியீடு வாங்கிய சாமான் வேறு.

சுடுமண் வேலை

வில்லியனூர் வேலைப்பாட்டுக்கு நான் தலைவணங்குகிறேன் அண்ணா, ஆனால் மெருகு போடாத சுடுமண் 900, 1000 டிகிரியில் சுட்டது, உடம்பு முழுக்க நுண்துளை. அதில் மீன் வைத்தால் சாறு உள்ளே போய் உட்கார்ந்துவிடும், சோப்புப் போட்டால் சோப்பும் உள்ளே போகும். தண்ணீருக்கு மட்டும் வையுங்கள். துளை வழியாக நீர் கசிந்து ஆவியாவதால் சித்திரை வெயிலிலும் தண்ணீர் குளிர்ந்திருக்கும், பூனைகள் விரும்பிக் குடிக்கும். சோப்பு இல்லாமல் வெந்நீரும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்து, வாரத்தில் ஒரு நாள் நல்ல வெயிலில் காயவையுங்கள். பாசி பிடித்துப் பச்சையாகிவிட்டால் செடிக்குக் கொடுத்துவிட்டு வேறு வாங்கலாம், விலை அதிகமில்லை.

கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இன்னொன்று. விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டையே இருக்கிறது, அந்தப் பக்கம் போகிறவர்கள் அங்கேயும் விசாரித்துப் பாருங்கள், ஆனால் அலங்காரச் சாமானும் சாப்பாட்டுச் சாமானும் வேறு வேறு என்பதை மறந்துவிட வேண்டாம்.

கால்நடை மாணவி

பிளாஸ்டிக் பற்றி நான் சொல்கிறேன். அந்தப் பூனையின் தாடையில் வந்தது பெரும்பாலும் தாடைப் பரு, மயிர்க்கால் அடைத்துக் கறுப்புப் புள்ளியாக நிற்பது. காரணம் ஒன்று மட்டும் இல்லை, ஆனால் கீறல் விழுந்த பிளாஸ்டிக்கில் கொழுப்பும் கிருமியும் தங்கி அது தாடையில் படுவது ஒரு காரணமாகச் சந்தேகிக்கப்படுகிறது, அதனால்தான் மருத்துவர்கள் முதலில் கிண்ணத்தை மாற்றச் சொல்வார்கள். மாற்றியும் போகவில்லை, வீங்குகிறது, சீழ் வருகிறது என்றால் வீட்டு வைத்தியம் வேண்டாம், குரும்பாப்பேட்டை கால்நடைக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள். மெலமைன் தட்டு பார்க்க பீங்கான் மாதிரி இருக்கும், அதுவும் பிளாஸ்டிக்கின் சொந்தம்தான், கீறல் விழும், சூடான உணவு வைக்கக்கூடாது.

கரை உயரம்: உங்கள் பெர்சியனுக்குத் தட்டுதான் சரி, கிண்ணமே கூடாது. மூக்கு உள்ளே போனதால் ஆழமான கிண்ணத்தில் அதனால் கவ்வ முடியாது, உணவைத் தள்ளும், உணவோடு தட்டையும் தள்ளும். நீங்கள் சொன்ன சமையலறைச் சுற்றுலாவுக்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும். மீசை கிண்ணத்தில் உரசினால் பூனைக்குச் சோர்வு வரும் என்று இணையத்தில் நிறைய விற்கிறார்கள். அதைச் சோதித்த ஓர் ஆய்வில், அகலத் தட்டிலும் சாதாரணக் கிண்ணத்திலும் பூனைகள் சாப்பிடும் நேரத்தில் பெரிய வேறுபாடு இல்லை, ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்தபோது அகலத் தட்டின் பக்கம் அதிகப் பூனைகள் சாய்ந்தன. அகலத் தட்டு நல்லது, அதற்காக மீசைக்கென்று தனியாக விற்கும் கிண்ணத்துக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

முதுநகர் துறைமுகம்

எங்கள் வீட்டில் பித்தளைத் தாம்பாளம் ஒன்று சும்மா கிடக்கிறது, கனமாக இருக்கும், நகராது. அலுமினியச் சட்டியும் உண்டு. வைக்கலாமா?

மஞ்சக்குப்பம் பாத்திரக்கடை

இரண்டும் வேண்டாம் அண்ணா. பித்தளையில் மீனும் உப்பும் புளிப்பும் பட்டால் களிம்பு ஏறும், செம்பு உணவில் கலக்கும். பூச்சு பூசிக் கொடுப்பவர்கள் இருந்தார்கள், இப்போது தேடிப் பிடிக்க வேண்டும். அலுமினியம் மெத்தென்ற உலோகம், உப்பில் குழி விழும், கறுக்கும். எனாமல் பூசிய தட்டும் எங்கேயாவது ஒரு இடத்தில் தெறித்தால் உள்ளே இருக்கும் இரும்பு துருப்பிடித்துக்கொண்டே போகும், தெறித்த சில்லு பூனையின் வாயிலும் போகலாம்.

லாஸ்பேட்டை

கண்ணாடி? சூடு தாங்கும் கண்ணாடித் தட்டு ஒன்று வீட்டில் பழசாக இருக்கிறது, பூனைக்கு அதில்தான் வைக்கிறோம், ஒரு கறை இல்லை, நாற்றமும் இல்லை.

சுடுமண் வேலை

கண்ணாடி நல்ல பொருள் சார், எதையும் உறிஞ்சாது. விளிம்பில் தெறிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், தெறித்தால் அன்றைக்கே மாற்றுங்கள். மொசைக், டைல்ஸ் தரையில் விழுந்தால் பிழைக்காது, அது ஒன்றுதான்.

குருசுக்குப்பம் பூனைவீடு

எல்லோருக்கும் நன்றி. அப்படியென்றால் சாப்பாட்டுக்கு 304 டிபன் தட்டு, பெர்சியனுக்குக் கனமான ஸ்டோன்வேர் தட்டு, தண்ணீருக்குச் சுடுமண், இப்படிப் பிரித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் பார்க்கலாமா, நேரு வீதிப் பக்கம் கடைக்கே போய்விடலாமா என்பது பிறகு.

எறும்புதான் இன்னொரு தொல்லை. வைத்துக் கொஞ்ச நேரத்தில் சிற்றெறும்பு மொய்த்துவிடுகிறது, பூனைகள் முகர்ந்துவிட்டுப் போய்விடுகின்றன. மாமியார் எறும்பு சாக்பீஸால் தட்டைச் சுற்றி வட்டம் போடுகிறார். அதனால் தட்டு கெடுமா?

கால்நடை மாணவி

அக்கா, தட்டு கிடக்கட்டும், அந்த வட்டத்தை உடனே ஈரத்துணியால் துடைத்துவிடச் சொல்லுங்கள். எறும்பு சாக்பீஸில் இருப்பது டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் மாதிரியான பூச்சிக்கொல்லி. அந்த வகை மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. பூனை கோட்டின்மேல் கால் வைக்கும், அப்புறம் அந்தக் காலை நக்கும். நடுக்கம், எச்சில் ஒழுகுவது, தள்ளாட்டம் தெரிந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

அதே காரணத்துக்காகப் பினாயிலும் கூடாது. தரை துடைத்த பினாயில் வாளியில் பூனைத் தட்டை முக்கி எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள், பூனைக்கு அது விஷம். தட்டு வைக்கும் இடத்தின் தரையையும் வெறும் சோப்புத் தண்ணீரால் துடைத்துப் பிறகு நல்ல தண்ணீரால் ஒரு முறை துடைத்தால் போதும்.

எறும்புக்கு நம் வீடுகளில் சர்க்கரை டப்பாவுக்குச் செய்வதுதான். அகலமான தாம்பாளத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி நடுவில் தட்டை வையுங்கள். தட்டு கரையைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தொட்டால் எறும்புக்குப் பாலம். பூனை அந்தத் தண்ணீரையும் குடிக்கும் என்பதால் அதில் சோப்போ மண்ணெண்ணெயோ கலக்க வேண்டாம், சாப்பிட்டு முடித்ததும் கொட்டிவிடுங்கள், விட்டு வைத்தால் கொசு முட்டையிடும்.

இன்னொன்று, மீனை நாள் பூரா தட்டில் விடாதீர்கள். சமைத்த உணவு சாதாரண வெப்பத்தில் 2 மணி நேரம், வெயில் 32 டிகிரிக்கு மேல் போனால் 1 மணி நேரம், அதற்கு மேல் எடுத்துவிட வேண்டும் என்பதே மனுஷருக்கான கணக்கு. நம் ஊரில் வருஷத்தில் பாதி நாள் இரண்டாவது கணக்குதான் செல்லும்.

மஞ்சக்குப்பம் பாத்திரக்கடை

தங்கச்சி சொன்னதோடு கழுவுவதைப் பற்றியும் சேர்த்துக்கொள்கிறேன், ஏனென்றால் நல்ல தட்டை வாங்கிப்போய்க் கழுவுவதிலேயே கெடுத்துவிட்டுக் கடைக்கு வந்து சண்டை போடுகிறவர்கள் உண்டு.

இரும்புக் கம்பி நாரால் எவர்சில்வரைத் தேய்க்கக் கூடாது. இரும்பின் துணுக்குகள் தட்டில் ஒட்டிக்கொண்டு அதுதான் முதலில் துருப்பிடிக்கும், பார்க்கிறவர்கள் தட்டே துருப்பிடித்ததாக நினைப்பார்கள், விட்டுவிட்டால் அடியில் நிஜமாகவே அரிக்கத் தொடங்கும். தேங்காய் நார், பீர்க்கங்காய் நார், ஸ்பாஞ்ச் எதுவானாலும் சரி. பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஊறவைப்பதும் வேண்டாம், அதுவும் படலத்தைத் துளைக்கும். போர் தண்ணீரில் கழுவினால் கடைசியாக ஒரு முறை நல்ல தண்ணீரில் அலசி, காய்ந்த துணியால் துடைத்துக் கவிழ்த்து வையுங்கள். தானே காயட்டும் என்று விட்டால் தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் அங்கேயே கெட்டியாக நிற்கும், அரிப்பு அந்த இடத்தில் ஆரம்பிக்கும். வெள்ளைக் கறை படிந்திருந்தால் புளி அல்லது எலுமிச்சைத் தோல் போட்டுத் தேய்த்து உடனே அலசுங்கள்.

தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் பலர் கழுவாமல் ஊற்றி ஊற்றி நிரப்புவார்கள். உள்ளே விரல் வைத்துப் பாருங்கள், வழுவழுவென்று இருக்கும், அது கிருமிப் படலம். தினமும் தேய்த்தால்தான் போகும், வெறுமனே தண்ணீர் சுழற்றிக் கொட்டினால் போகாது.

முதுநகர் துறைமுகம்

நான் துறைமுகத்தில் மீன் ஏலம் நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் தெருப் பூனைகளுக்குத் தண்ணீர் வைக்கிறேன். எவர்சில்வர் வைத்தால் காணாமல் போகிறது, பிளாஸ்டிக் காற்றில் பறக்கிறது. இப்போது பழைய வீடு இடித்த இடத்தில் கிடைத்த சின்னக் கருங்கல் உரல் ஒன்றை வைத்திருக்கிறேன். யாரும் தூக்க மாட்டார்கள், நாய் இடித்தாலும் கவிழாது, உப்பு ஒன்றும் செய்யாது. ஆழம் அதிகம் என்பதால் உள்ளே கூழாங்கல் போட்டு மேடாக்கியிருக்கிறேன், குட்டிகள் விழாமல் இருக்க. கூழாங்கல்லையும் எடுத்துத் தேய்த்துப் போட வேண்டும், அது ஒரு வேலை. தெருவில் வைக்கிறவர்களுக்கு இதைவிட உழைக்கும் பாத்திரம் எனக்குத் தெரியவில்லை.

லாஸ்பேட்டை

நல்ல யோசனை. எங்கள் வீட்டில் வயதான பூனை, குனிந்து சாப்பிடக் கஷ்டப்படுகிறது. செங்கல் மேல் தட்டை வைக்கலாமா?

கால்நடை மாணவி

வைக்கலாம் சார். மூட்டுவலி உள்ள பூனைக்குத் தட்டு நான்கைந்து அங்குலம் உயர்ந்தால் கழுத்தும் முன்னங்காலும் சிரமப்படாது. செங்கல்லின் மேல் பழைய ரப்பர் விரிப்பை வெட்டிப் போட்டு அதன்மேல் தட்டு. ரப்பர் தனியாக இருப்பதால் எடுத்துக் கழுவிக் காயவைக்க முடியும், தட்டோடு ஒட்டியிருக்கும் வளையத்தில் அது முடியாது. செங்கல் ஈரம் உறிஞ்சும், அதையும் அப்பப்போது வெயிலில் போடுங்கள்.

குருசுக்குப்பம் பூனைவீடு

கடைசியாக ஒன்று, பாத்திரக்கடை அண்ணா. மாமியாருக்காகத் தட்டில் அடையாளம் வேண்டும். பூனைகளின் பெயரை வெட்டித் தருவீர்களா? கல்யாணச் சீருக்கு வெட்டுவீர்களே, அப்படி. துரு அங்கே பிடிக்காதா?

மஞ்சக்குப்பம் பாத்திரக்கடை

வெட்டித் தருவோம் அக்கா, பெயர் வெட்டத் தனியாகக் காசு கிடையாது. உள்பக்கம் வேண்டாம், வெட்டின புள்ளிகளில் மீன் எண்ணெய் தங்கும். வெளிப்பக்கம், விளிம்புக்குக் கொஞ்சம் கீழே, பக்கவாட்டில் வெட்டச் சொல்லுங்கள். அடியில் வெட்டினால் தரையின் ஈரம் அதில் நிற்கும். பக்கவாட்டில் இருந்தால் துடைக்கும்போது துணி படும், தட்டுகளை அடுக்கி வைத்தாலும் எது பூனையுடையது என்று மாமியாருக்குத் தூரத்திலேயே தெரியும். மூன்று பூனைக்கும் அளவு மாற்றித் தட்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றுக்குள் ஒன்று இறுக்கமாக உட்காரும் ஒரே அளவுத் தட்டை ஈரத்தோடு அடுக்கினால் இடையில் தண்ணீர் நிற்கும், மறுபடி அதே புள்ளி வரும்.